பிறரன்பும் நீதியும்: விக்ரர் ஹியூகோவின் ‘ஏழை படும் பாடு’ பற்றிய ஒரு மறுநோக்கு

1

கத்தோலிக்க விசுவாசத்தை அன்புச் செயல்களாலும் பிறர்க்கான தொண்டினாலும் வாழ்ந்துகாட்டும் மாந்தரை இலக்கியம் பலகாலும் சித்திரித்து வந்துள்ளது. அத்தகைய பாத்திரங்களை விமரிசகர்கள் எதிர்கொள்ளும் முறை பெரும்பாலும் இருவகைப்பட்டது. பக்தி நோக்குடையோர் அவற்றை நல்லொழுக்க எடுத்துக்காட்டுகளாகக் கொண்டு, அவை இயங்கும் சமுதாயச் சூழலைக் கவனியாது விடுவர். முற்போக்கு நோக்குடையோருட் சிலர், தனிமனிதக் கருணை சமுதாய முரண்பாடுகளை மூடிமறைக்கும் திரை என்று பொதுப்படக் கூறி, பாத்திரத்தின் உள்ளே நுழையாமலே தீர்ப்பு வழங்கிவிடுவர். இரு சாராரும் நூலை ஊன்றிப் படியாத குற்றத்துக்கு ஒரே அளவிற் பொறுப்புடையவர்கள் என்பதே இக்கட்டுரையின் தொடக்கக் கருத்தாகும். இதனை நிறுவுவதற்குத் தமிழ் வாசகர் நன்கறிந்த ஒரு நாவலை எடுத்துக்கொள்வது பொருத்தமானது.

விக்ரர் ஹியூகோ 1862ஆம் ஆண்டு வெளியிட்ட ‘லே மிசராப்ள்’ என்னும் நாவல் சுத்தானந்த பாரதியாரால் ‘ஏழை படும் பாடு’ என்ற பெயரிற் தமிழாக்கப்பெற்றது. 1950ஆம் ஆண்டு அதே பெயரில் வெளிவந்த திரைப்படம் கதையைப் பாமர மக்களிடமும் கொண்டுசேர்த்தது. ஆங்கிலம் கற்ற மாணவர் தலைமுறைகள் பல, நோர்மன் மக்கினெல் எழுதிய ‘ஆயரின் மெழுகுவர்த்தித் தண்டுகள்’ என்ற ஓரங்க நாடகத்தின் வாயிலாக இந்நாவலின் ஒரு காட்சியை அறிந்துகொண்டன. இவ்வாறு பரவியமையின் விளைவாக நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. பசிக்கு அப்பம் திருடியவன், அவனுக்கு மன்னிப்பளித்த ஆயர், வெள்ளித் தண்டுகள் என்னும் மூன்று சித்திரங்களுக்குள் நாவல் சுருங்கிவிட்டது. கருணை காட்டினாற் கள்வனும் திருந்துவான் என்ற நீதிக்கதையாகவே அது பலர் மனத்தில் நிலைபெற்றது.

நாவல் அதுவன்று. பிறர்க்கு நன்மை செய்தல் எப்பொழுது விசுவாசத்தின் உண்மையான வெளிப்பாடாகின்றது, எப்பொழுது அதுவே ஒருவரை அழிக்கும் கருவியாகின்றது என்ற வினாவை அது அடுத்தடுத்துப் பல பாத்திரங்களின் வாயிலாகச் சோதித்துப் பார்க்கின்றது. கொடுப்பவர் தாம் கொடுப்பதோடு கொடுக்கும் நிலையினால் வரும் அதிகாரத்தையும் கைவிடும்பொழுதே பிறரன்பு மெய்ப்படுகின்றது. அவ்வதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்கும்பொழுது அது பொய்ப்படுகின்றது. நாவலை இவ்வாறு வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாவலாசிரியரின் சமய நிலையையும் தொடக்கத்திலேயே குறிப்பிடல் வேண்டும். ஹியூகோ கடவுள் நம்பிக்கையுடையவர். ஆயின் திருச்சபை நிறுவனத்தோடு பிணங்கியவர். 1885ஆம் ஆண்டு அவர் இறந்தபொழுது, அவரது விருப்பத்துக்கிணங்க, தேவாலயங்களின் செபமின்றி ஏழைகளின் சவவண்டியிலேயே அவரது உடல் எடுத்துச் செல்லப்பட்டது. அவரது இந்நாவலும் 1864ஆம் ஆண்டு உரோமாபுரியின் தடைசெய்யப்பட்ட நூல்களின் அட்டவணையிற் சேர்க்கப்பட்டது. கத்தோலிக்க ஆயர் ஒருவரை உலக இலக்கியத்தின் மிக உயர்ந்த பாத்திரங்களுள் ஒருவராகப் படைத்த நூலை அத்திருச்சபையே தன் மக்கள் வாசிக்கலாகாது என்று விலக்கியமை தற்செயலான முரண் அன்று. அந்த ஆயர் வாழ்ந்துகாட்டிய விசுவாசம் அன்றைய திருச்சபையின் செல்வ நிலைக்கு ஒரு கண்டனமாகவும் அமைந்திருந்தது.

2

மிரியேல் ஆயரின் பாத்திரம் முற்றிலும் கற்பனையன்று. 1805 முதல் 1838 வரை பிரான்சின் தென்கிழக்கிலுள்ள தீஞ் நகரில் ஆயராகப் பணியாற்றிய மியோலிஸ் என்பாரே அதற்கு முன்மாதிரியாக அமைந்தவர். வல்ஜீன் கதையிற் புகுமுன்னர் ஹியூகோ இந்த ஆயருக்கு ஒரு முழுப் பகுதியையே ஒதுக்குகின்றார். அவசர வாசகர்கள் கடந்து சென்றுவிடும் இப்பகுதியிலேதான் நாவலின் அறவியல் அடித்தளம் இடப்படுகின்றது.

ஆயர் பதவியேற்று மூன்று நாட்களின் பின்னர், தமது மாளிகையை அடுத்திருந்த வைத்தியசாலைக்குச் செல்கின்றார். ஒடுங்கிய சில அறைகளில் இருபத்தாறு நோயாளிகள் நெருக்குண்டு கிடக்கின்றனர். அறுபது பேர் இருக்கக்கூடிய மாளிகையில் ஆயரும் அவர் தங்கையும் பணிப்பெண்ணுமாக மூவர் மட்டுமே வாழ்கின்றனர். ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று ஆயர் வைத்தியசாலைப் பொறுப்பாளரிடம் கூறுகின்றார். மறுநாளே நோயாளிகள் மாளிகைக்கும் ஆயர் வைத்தியசாலைக் கட்டடத்துக்கும் மாறிவிடுகின்றனர். இங்கு ஆயர் தம் செயலை ‘உதவி’ என்று கருதவில்லை என்பது கூர்ந்து நோக்கற்பாலது. இடம் மாறியிருந்ததைச் சரிசெய்ததாக மட்டுமே அவர் கருதுகின்றார்.

அவரது ஆண்டு வருமானமாகிய 15,000 பிராங்கிலிருந்து 1,000 பிராங்கையே தமக்கென எடுத்துக்கொள்கின்றார். எஞ்சியது செல்லும் வழிகளை ஹியூகோ ஒரு கணக்குத் தாளாகவே நூலிற் பதித்திருக்கின்றார். ஏழைகளுக்கான நேரடி உதவியோடு சிறைக் கைதிகளின் நிவாரணம், கடனுக்காகச் சிறைப்பட்ட குடும்பத் தலைவர்களை மீட்டல், வறிய ஆசிரியர்களின் சம்பளத்தை உயர்த்துதல் ஆகியனவும் அதில் இடம்பெறுகின்றன. வண்டிச் செலவுக்கென 3,000 பிராங் படி கோரி ஆயர் விண்ணப்பித்தபொழுது நகரத்துச் செல்வர், மதகுருமார் எல்லாரும் ஒன்றே என்று ஏளனம் செய்தனர். கிடைத்த பணமும் வைத்தியசாலைக் கஞ்சிக்கும் அநாதைக் குழந்தைகளுக்குமே சென்றது. நாவலில் இத்தகைய கணக்கை எதற்குத் தரவேண்டும் என்று கேட்கலாம். புனிதர் சரிதங்கள் வழக்கமாகத் தவிர்க்கும் விடயம் பணமே. பணம் எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது என்று கூறாத கருணைக் கதை முழுமையுடையதன்று என்பதை ஹியூகோ அறிந்திருந்தார்.

இதே பகுதியில் ஜெபொரான் என்னும் செல்வ வணிகர் ஒருவரும் வருகின்றார். தேவாலய வாசலிலுள்ள பிச்சைக்காரக் கிழவியருக்கு ஞாயிறுதோறும் அவர் ஒரு செப்புக்காசு இடுவார். அதனை அறுவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இம்மனிதர் மலிவு விலைக்கு மோட்சத்தை வாங்குகின்றார் என்ற கருத்துப்பட ஆயர் தம் தங்கையிடம் சொல்லிச் சிரிக்கின்றார். இதனால் இரு கொடைகள் அருகருகே வைத்துக் காட்டப்படுகின்றன. ஒன்று கொடுப்பவரின் நிலையை எவ்வகையிலும் மாற்றாதது. மற்றது கொடுப்பவரை அவர் வாழ்ந்த வீட்டைவிட்டே வெளியேற்றுவது.

தமிழ் மரபிலும் இத்தகைய வேறுபாடு உணரப்பட்டிருந்தது. திருக்குறள் ஒப்புரவறிதல், ஈகை என்பவற்றை இருவேறு அதிகாரங்களாக அமைத்துள்ளது. ஈகை இல்லாதவர்க்குக் கொடுத்தல். கொடுப்பவர், பெறுபவர் என்ற நிலை வேறுபாடு அதில் நிலைத்திருக்கும். ஒப்புரவோ தன்னிடமுள்ளது ஊருக்குரியது என்ற உணர்வோடு ஒழுகுதல். வணிகருடையது ஈகையின் மிகத் தேய்ந்த வடிவம். ஆயருடையது ஒப்புரவுக்கு அணித்தானது. கத்தோலிக்க மரபினுள்ளும் இக்கருத்துக்குத் தொன்மையான வேர் உண்டு. செல்வரிடத்து மிஞ்சியிருப்பது வறியவர்க்குரியது என்றும், அதனைக் கொடுப்பது திருப்பியளித்தலேயன்றித் தானமன்று என்றும் நான்காம் நூற்றாண்டிலேயே புனித பசிலியாரும் புனித அம்புரோசியாரும் போதித்தனர்.

இப்பின்னணியில் வைத்துப் பார்க்கும்பொழுதே புகழ்பெற்ற வெள்ளிப் பாத்திரக் காட்சி தன் முழுப்பொருளையும் தருகின்றது. ஓர் அப்பத்தைத் திருடிய குற்றத்துக்கும் தப்பியோட முயன்ற குற்றங்களுக்குமாகப் பத்தொன்பது ஆண்டுகள் தண்டனை அனுபவித்த வல்ஜீன், 1815ஆம் ஆண்டு ஒக்டோபரில் அந்நகரை அடைகின்றான். அவனது மஞ்சட் கடவுச்சீட்டைக் காரணமாகக் கொண்டு சத்திரங்கள் அவனை விரட்டுகின்றன. தாழ்ப்பாளற்ற ஆயரின் கதவு அவனுக்குத் திறக்கின்றது. ஆயர் அவனை ‘ஐயா’ என்று விளிக்கின்றார். விருந்தினர்க்கென வைத்திருக்கும் வெள்ளிப் பாத்திரங்களையே அவன் முன்னும் வைக்கின்றார். இரவில் அவற்றைத் திருடிச் சென்றவனைக் காவலர் பிடித்துவந்தபொழுது, அவற்றைத் தாமே கொடுத்ததாகக் கூறி, தண்டுகளையும் சேர்த்து அளிக்கின்றார்.

ஆயின் நாடகமும் திரைப்படமும் போதிய அழுத்தம் தராத ஒரு சிறு உரையாடல் காவலர் வருமுன்னரே நிகழ்கின்றது. திருட்டைக் கண்டு பதறும் பணிப்பெண்ணிடம், அந்த வெள்ளி முதலில் எம்முடையதுதானா என்று ஆயர் கேட்கின்றார். ஏழைகளுக்குரிய அதனை நெடுங்காலம் தாமே தவறாக வைத்துக்கொண்டிருந்ததாகவும், வந்தவன் ஏழை என்பது வெளிப்படை என்றும் கூறுகின்றார். அதாவது, மன்னிப்பவர் மன்னிக்கும் முன்னரே தம்மையும் குற்றவாளிப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கின்றார். உயரத்திலிருந்து இறங்கிவரும் கருணை இதுவன்று. இப்பகுதியை நீக்கிவிட்டுத் தண்டுகளை மட்டும் போற்றுவது ஆயரை ஒரு நல்ல வள்ளலாகக் குறுக்கிவிடும்.

அக்கருணையின் பயனும் உடனடியானதன்று. ஆயரிடமிருந்து நேரே செல்லும் வல்ஜீன், வழியில் ஓர் ஏழைச் சிறுவனின் நாற்பது சூ நாணயத்தைக் காலால் மிதித்துக் கவர்ந்துகொள்கின்றான். அதன் பின்னரே அவன் உடைந்து அழுகின்றான். பத்தொன்பது ஆண்டுக்காலக் கொடுமை ஓரிரவின் அன்பினாற் கரைந்துவிடும் என்று காட்டாமையே இந்நாவலின் யதார்த்தத்துக்குச் சான்றாகும்.

3

ஆயரின் அன்பைப் பெற்றவன் தானும் கொடுப்பவனாக மாறும்பொழுது நிகழ்வது யாது என்பதே நாவல் அடுத்து எழுப்பும் வினா. என் கருத்தில் இப்பகுதியே முற்போக்கு விமரிசனத்தின் முழுக்கவனத்துக்கும் உரியது.

வல்ஜீன் மதலேன் என்ற புதுப்பெயருடன் மொந்தரோய் நகரில் கருமணித் தொழிலைப் புதுப்பித்து, பெருந்தொழிலதிபராகவும் பின்னர் நகர முதல்வராகவும் உயர்கின்றான். வைத்தியசாலைக்குப் பத்துக் கட்டில்களுக்கு நிதி அளிக்கின்றான், பாடசாலைகள் அமைக்கின்றான், முதிய தொழிலாளர்க்கு உதவி நிதி தொடங்குகின்றான். வேலை கேட்டு வருபவர் எவரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஆயின் அவனது தொழிற்சாலைக்கு ஒரு விதி உண்டு: ஆண்களிடம் நல்லெண்ணமும், பெண்களிடம் தூய ஒழுக்கமும், அனைவரிடமும் நேர்மையும் வேண்டும். பெண்களின் வேலைக்கூடம் தனியானது. மதலேன் அதனுள்ளே செல்வதே அரிது. குருவானவர் பரிந்துரைத்த ஒரு முதிய கன்னிப்பெண் அதனை மேற்பார்வை செய்கின்றாள்.

பன்ரீன் என்னும் இளந்தாய் இங்கு வேலை செய்கின்றாள். அவளுக்கு மணமின்றிப் பிறந்த குழந்தை உண்டென்பதை ஊர்வம்பு பேசுவோர் துருவிக் கண்டுபிடிக்கின்றனர். மேற்பார்வையாளர் நகர முதல்வரின் பெயரால் அவளிடம் 50 பிராங்கைக் கொடுத்து, வேலையினின்றும் நீக்கி, ஊரைவிட்டுப் போகுமாறும் கூறுகின்றாள். அந்த 50 பிராங், தொழிலாளப் பெண்களின் தான தருமத்துக்கென மதலேன் கணக்குக் கேளாது ஒப்படைத்திருந்த பணத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் ஹியூகோ குறிப்பிடத் தவறவில்லை. தருமப் பணமே வேலைநீக்கத்தின் கருவியாகின்றது. அம்மேற்பார்வையாளரைக் கொடியவளாகவும் ஆசிரியர் தீட்டவில்லை. கொடுக்கும் அன்பு அவளிடம் நிறைய உண்டு, புரிந்துகொண்டு பொறுக்கும் அன்பு அவ்வளவில்லை என்பதே ஆசிரியரின் கணிப்பு.

பின்னர் நிகழ்வன யாவரும் அறிந்தவை. பன்ரீன் கூலிக்குச் சட்டை தைக்கின்றாள். குழந்தையின் செலவுக்காகக் கூந்தலை 10 பிராங்குக்கு விற்கின்றாள், இரு முன்பற்களை 40 பிராங்குக்கு விற்கின்றாள், ஈற்றில் உடலை விற்கின்றாள். மதலேன் அவளைக் காவலதிகாரி ஜாவேரிடமிருந்து மீட்க வரும்பொழுது அவள் அவனது முகத்திற் காறி உமிழ்கின்றாள். நகரத்தின் மிகப்பெரிய கொடையாளி, தான் ஒருபோதும் அறியாத ஒரு பெண்ணின் அழிவுக்குக் காரணனாகின்றான். தன்னிடம் ஏன் வரவில்லை என்று அவன் அவளைக் கேட்கின்றான். அக்கேள்வி உள்ளன்போடு கேட்கப்படுவது. ஆயின் அதுவே அவனது குற்றத்தை வெளிப்படுத்துவது.

ஆயரின் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளில்லை. மதலேனின் தொழிற்சாலையிலோ கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையில் விதி ஒன்றும், மேற்பார்வையாளர் ஒருவரும், தனிக்கூடமும் உண்டு. ஆயர் வல்ஜீனிடம் எந்தத் தகுதியையும் எதிர்பார்க்கவில்லை. மதலேனின் கருணை தகுதியுடைய ஏழைகளை மட்டுமே ஏற்கின்றது. தகுதியை நிர்ணயிக்கும் அதிகாரம் உற்பத்திச் சாதனத்தின் உடைமையாளரிடமே இருக்கின்றது என்பதை இங்கு முற்போக்கு வாசகர் எளிதில் உணர்வர். ஒழுக்க விதி கூலி உறவோடு பிணைக்கப்பட்டவுடன், ஒழுக்கத்திற் தவறியவள் உணவிலிருந்தும் விலக்கப்படுகின்றாள். குழந்தையின் தந்தையை எந்த விதியும் தேடிச் செல்லவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

தனிமனிதக் கருணையின் போதாமையை வெளியிலிருந்து எவரும் ஹியூகோவுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. அதனை அவரே தம் நாயகனின் மேல் வைத்து எழுதியிருக்கின்றார். நன்மனம் படைத்த முதலாளி ஒருவனின் கீழேயே இத்தகைய அழிவு நேருமாயின், குறை மனத்தில் மட்டும் இல்லை, ஏற்பாட்டிலும் உண்டு என்ற முடிவுக்கு வாசகரை அவர் இட்டுச்செல்கின்றார்.

4

பன்ரீனின் மரணப் படுக்கையருகே இருப்பவர் சிம்ப்ளிஸ் என்னும் அருட்சகோதரி. புனித வின்சென்ட் டி போலும் லூயிஸ் டி மரியாக்கும் 1633ஆம் ஆண்டு நிறுவிய பிறரன்புப் புதல்வியர் சபையைச் சேர்ந்தவர் அவர். கன்னியர் மடச்சுவர்களுக்குள் அடைபட்டு வாழவேண்டும் என்ற அக்கால வழக்கை உடைத்து, நோயாளியின் வீட்டையும் நகர வீதிகளையுமே தம் பணிக்களமாகக் கொண்ட சபை அது. பின்னொரு பகுதியில் வரும் பெத்தி-பிக்புஸ் மடத்தை விவரிக்கையில், உலகைத் துறந்து சுவர்களுக்குள் ஒடுங்கிய துறவு முறையை நாவலாசிரியர் நீண்டதோர் இடைப்பிறவரலில் விமரிசிக்கின்றார். அம்மடத்தின் பத்தியை அவர் மதிக்கின்றார், அம்முறையை ஏற்கவில்லை. இவ்விரு சித்திரங்களையும் ஒப்புநோக்கும்பொழுது, எத்தகைய விசுவாசத்தை அவர் உயிருடையதாகக் கருதினார் என்பது தெளிவாகும்.

சிம்ப்ளிஸ் வாழ்நாளில் ஒருபோதும் பொய் சொல்லாதவர் என்றே அறிமுகமாகின்றார். தப்பிவந்த வல்ஜீன் தன் அறையில் மறைந்திருக்க, ஜாவேர் கதவண்டை நின்று வினவுகின்றான். அவர் அடுத்தடுத்து இருமுறை பொய் கூறுகின்றார். ஜாவேர் அதனை நம்பித் திரும்புகின்றான். தம் ஆன்மிகப் பெருமை அனைத்தும் தங்கியிருந்த ஒழுக்கத்தையே அவர் ஒரு மனிதனுக்காகக் கொடுத்துவிடுகின்றார். ஆயர் மாளிகையைக் கொடுத்தார். இவர் தம் மாசற்ற நிலையையே கொடுக்கின்றார். தொழிற்சாலை மேற்பார்வையாளரோ ஒழுக்கத்தைக் காப்பதற்காக ஒரு மனுஷியைக் கைவிட்டவர். சமய வாழ்வின் இரு எதிர்நிலைகள் ஒரே நகரில், இரு கன்னிப்பெண்களின் வடிவில் இவ்வாறு நிறுத்தப்பட்டுள்ளன.

5

நாவலின் வரிசைப்படி முன்னரே வந்துவிடினும், பொருளால் இவற்றுக்கெல்லாம் முடிவாக அமைவது ஆயரும் முதிய புரட்சியாளர் ஒருவரும் சந்திக்கும் காட்சியாகும். பெயரின் முதலெழுத்தால் மட்டும் சுட்டப்படும் இம்முதியவர் பிரெஞ்சுப் புரட்சியின் தேசிய மன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். ஊரார் அவரை விலக்கி வைத்துள்ளனர். ஏழைகள் அனைவரையும் தேடிச்செல்லும் ஆயர்கூட அவரிடம் செல்வதை நெடுநாள் தள்ளிப்போடுகின்றார். அவர் மரணப் படுக்கையிற் கிடக்கின்றார் என்ற செய்தி வந்த பின்னரே புறப்படுகின்றார். தமக்குரிய மரியாதைச் சொல்லால் அவர் தம்மை விளிக்காமையும் ஆயருக்கு உள்ளூர உறுத்துகின்றது. இத்தகைய சிறுமைகளை ஆசிரியர் மறைக்காமையினாலேயே ஆயர் மாதிரிப் பொம்மையாகாது மனிதராகின்றார்.

புரட்சியில் மாண்ட அரச குழந்தைக்காக ஆயர் இரங்குகின்றார். முதியவரும் இரங்க ஒப்புகின்றார். ஆயின் மன்னராட்சியில் மாண்ட ஏழைக் குழந்தைகளுக்காகவும் சேர்ந்து இரங்குவோம் என்கின்றார். மாளிகை, வண்டி, வருமானம் என ஆயர் பதவியின் செல்வங்களை அவர் எடுத்துக்கூறிச் சாடும்பொழுது, தாம் அவற்றையெல்லாம் துறந்தவர் என்ற ஒரு சொல்லையும் ஆயர் பதிலாகக் கூறவில்லை. தம் நற்செயல்களை வாதத்துக்கு ஆயுதமாக்காத அம்மௌனம், நாவலில் அவர் செய்யும் எந்தத் தானத்துக்கும் குறைந்ததன்று. இறுதியில், தம்மிடம் யாது வேண்டி வந்தீர் என்று முதியவர் கேட்க, ஆயர் முழந்தாளிட்டு அவரது ஆசியை வேண்டுகின்றார். ஆசி வழங்க வந்தவர் ஆசி பெறுபவராகின்றார். ஆயர் தலைநிமிர்ந்து பார்க்கும்பொழுது முதியவர் உயிர் நீத்திருக்கின்றார்.

ஆயர் புரட்சிக்காரராகிவிட்டார் என்று இதற்குப் பொருள்கொள்ளலாகாது. அவரது அரசியற் கருத்துகள் மாறியதாக நாவல் கூறவில்லை. புரட்சியாளர் மனந்திரும்பினார் என்றும் கொள்ளலாகாது. பிறரன்பு நீதியின் முன் முழந்தாளிடுகின்றது. நீதி வேண்டி நின்றவரும் தம் முன் முழந்தாளிட்ட அன்பைப் புறக்கணிக்கவில்லை. இச்சந்திப்பின் பின்னர் சிறியோரிடத்தும் துன்புறுவோரிடத்தும் ஆயரின் கனிவு இருமடங்காயிற்று என்ற குறிப்பு முக்கியமானது. நீதியைப் பற்றிய அறிவு அன்பைக் குறைக்கவில்லை, வளர்த்தது.

6

நாவலின் எல்லைகளையும் சுட்டாது விடுதல் முறையன்று. முதலாவது, பெறுபவர்களின் குரல் இதில் மிகக் குறைவு. ஆயரின் மாளிகைக்கு மாறிய இருபத்தாறு நோயாளிகளுள் ஒருவரேனும் வாய்திறந்து பேசுவதில்லை. பன்ரீன் பேசுகின்றாள், ஆயின் அழுகையும் மன்றாட்டுமே அவளது மொழியாகின்றன. ஏழை தன் நிலையைத் தானே ஆராய்ந்து, தன்னொத்தவரோடு சேர்ந்து இயங்கும் காட்சிகள் 1832ஆம் ஆண்டு யூன் மாதக் கிளர்ச்சி பற்றிய பகுதிகளிலேயே வருகின்றன. அங்கும் முன்நிற்போருட் பெரும்பாலோர் மாணவர்கள். இரண்டாவது, மொந்தரோயின் குறை ஏற்பாட்டிலுள்ளது என்று காட்டிய ஆசிரியர், அதற்கான பரிகாரத்தை மீண்டும் வல்ஜீனின் தனிப்பட்ட தியாகத்திலேயே தேடுகின்றார். தாய்க்குச் செய்த தவறு மகள் கோசெத்தை வளர்ப்பதால் ஈடுசெய்யப்படுகின்றது. தொழிற்சாலையின் விதி அதனால் மாறவில்லை. கிளர்ச்சியின்போது தன் கையிற் சிக்கிய ஜாவேரை வல்ஜீன் உயிரோடு விடுவிக்க, சட்டமன்றி வேறெதனையும் அறியாத ஜாவேர் அதனைத் தாங்கவியலாது செயின் நதியில் வீழ்ந்து மடிகின்றான். சட்டத்தின் ஊழியன் ஒருவன் உடைகின்றான். சட்டம் அப்படியே நிற்கின்றது.

எனினும் அக்கால ஆளும் வர்க்கச் சிந்தனையாளர் இதனை ஆறுதற் கதையாக ஏற்கவில்லை என்பது நினைவுகொள்ளத்தக்கது. கவிஞர் லமார்த்தீன் நாவலைப் பற்றி எழுதிய நீண்ட விமரிசனத்தில், கிடைக்கவியலாதவற்றின் மேல் மக்களுக்கு வேட்கையூட்டும் ஆபத்தான நூல் என்றே அதனைக் கண்டித்தார். கருணை சமுதாய முரண்பாடுகளை மூடும் திரை மட்டுமேயாயின், அத்திரையைக் கண்டு அவர் அஞ்சியிருக்க வேண்டியதில்லை.

நாவலில் வல்ஜீன் 1833ஆம் ஆண்டு இறக்கின்றான். ஆயர் தந்த தண்டுகளில் மெழுகுவர்த்திகள் எரிகின்றன. அதே 1833ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், அதே பரிஸ் மாநகரில், பிரெடரிக் ஓசனாம் என்னும் இருபது வயது மாணவரும் நண்பர் சிலரும் வறியவர்களின் வீடுகளுக்கு நேரே சென்று உதவும் ஒரு சிறு குழுவைத் தொடங்கினர். உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு யாது செய்கின்றது என்று, சேன் சிமோனின் சோசலிசக் கருத்துகளைப் பின்பற்றிய மாணவர்கள் விவாதக் கூட்டத்தில் எழுப்பிய கேள்வியே அதற்குத் தூண்டுதலாயிற்று. சேரிமக்களிடையே பணிபுரிந்த ரொசலி ரெந்து என்னும் பிறரன்புப் புதல்வியர் சபைச் சகோதரி அவர்களுக்கு வழிகாட்டினார். இன்று இலங்கையின் கத்தோலிக்கப் பங்குகளில் நாம் காணும் வின்சென்ட் டி போல் சபையின் தொடக்கம் இதுவே. வீடுகளுக்குச் சென்று கண்ட அனுபவம் ஓசனாமை உதவியோடு நிறுத்தவில்லை. தொழிலாளரின் கூலி பற்றியும் உழைப்பைச் சுரண்டுதல் பற்றியும் அவர் சிந்திக்கலானார். 1848ஆம் ஆண்டுப் புரட்சியின்போது குடியரசை ஆதரித்து நடத்தப்பட்ட ‘புதிய யுகம்’ என்ற பத்திரிகையை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். காயமுற்றவனுக்கு மருந்திடுவது அன்பின் கடமை, வழிப்பறியைத் தடுப்பது நீதியின் கடமை என்பது அவரது நிலைப்பாட்டின் சாரமாகும். புரட்சியாளரின் கேள்வியை ஆயர் செவிமடுத்த கற்பனைக் காட்சிக்கு, சோசலிச மாணவரின் கேள்வியை ஓசனாம் செவிமடுத்தமை வரலாற்று நிகராக அமைகின்றது.

7

இவ்வினா பிரான்சோடு முடிந்துவிட்டதன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (1962–1965) பின்னர், பிறரன்பு சமுதாய நீதியினின்றும் பிரிக்கவியலாதது என்ற கருத்து கத்தோலிக்க உலகெங்கும் வலுப்பெற்றது. நமது நாட்டில் தீசா பாலசூரிய அடிகள் 1971ஆம் ஆண்டு கொழும்பில் நிறுவிய சமூக, சமய நிலையம் அச்சிந்தனையின் களங்களுள் ஒன்றாயிற்று. மைக்கல் றொட்றிகோ அடிகள் 1980ஆம் ஆண்டு முதல் புத்தளையை அடுத்த பௌத்த கிராமமொன்றிற் குடியிருந்து, அங்குள்ள வறிய விவசாயிகளை மதம் மாற்றும் நோக்கமின்றி அவர்களோடு வாழ்ந்தார். அவர்களது சமயத்திடமிருந்து கற்பவராகவும் இருந்தார். 1987ஆம் ஆண்டு நவம்பர் 10ஆந் திகதி அங்கேயே திருப்பலி வேளையிற் சுட்டுக்கொல்லப்பட்டார். மாற்றுக் கொள்கையுடையவரிடம் ஆசி வேண்டி முழந்தாளிட்ட ஆயரின் பாத்திரம் வெறும் இலட்சியக் கற்பனை என்று நாம் தள்ளிவிட முடியாமைக்கு இத்தகைய வாழ்வுகளே காரணமாகும்.

இலக்கியத்திற் சமயத் தொண்டைச் சித்திரிக்கும் படைப்புகளை மதிப்பிடுவதற்கு ஹியூகோவின் நாவல் நமக்குச் சில அளவுகோல்களைத் தருகின்றது. கொடுப்பவர் எதனை இழந்தார்? பெறுபவர் தகுதிச் சான்று காட்ட வேண்டியிருந்ததா? இருவருக்கும் இடையிலிருந்த கதவு எத்தகையது, அதன் சாவி எவரிடம் இருந்தது? பெறுபவர் பேசினாரா? இவ்வினாக்களை எழுப்பும் விமரிசகர், விசுவாசியாயினும் அல்லராயினும், ஒரே நூலை வாசிப்பவராவர். தண்டுகளை மட்டும் கண்டு நெகிழ்பவரும், அவற்றை மட்டும் கண்டு எள்ளுபவரும், பன்ரீனின் கையில் வைக்கப்பட்ட அந்த 50 பிராங்கைக் காணாதவர்களே.